நடுவரை நியமிப்பது யார்? - தைவானின் சூ யொங்-சின் கதை

ஒரு சட்டப் பேராசிரியர், புதிதாக உருவான ஓர் அரசு ஆணையத்துக்கு முதல் தலைவர் ஆகிறார். சுமார் 5 மாதம் கழித்து, "இந்த ஆணையத்துக்கு ஆட்களை நியமித்த முறையே அரசியல் சாசனத்துக்கு எதிரானது" என்று அந்த நாட்டின் அரசியல் சாசன நீதிபதிகள் தீர்ப்பு சொல்கிறார்கள். ஆனாலும் அவர் அதே நாற்காலியில் இன்னும் 2 வருடம் உட்கார்ந்திருக்கிறார். அதற்கும் 2 வருடம் கழித்து, அந்தத் தீர்ப்பைச் சொன்ன நீதி அமைப்புக்கே துணைத் தலைவராகப் போகிறார்!

சினிமாக் கதை இல்லை. தைவானில் நடந்த உண்மைக் கதை. அவர் பெயர் சூ யொங்-சின். ஆணையத்தின் பெயர் தேசியத் தகவல்தொடர்பு ஆணையம், சுருக்கமாக என்.சி.சி. (என்.சி.சி. என்றதும் காக்கி யூனிஃபார்மும் அணிவகுப்பும் ஞாபகம் வர வேண்டாம். இது டி.வி., ரேடியோ, டெலிபோன் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அமைப்பு.)

இந்தக் கதை புரிய வேண்டும் என்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மூன்று சேனல், மூன்று முதலாளி

1949 மே மாதம் தைவானில் ராணுவச் சட்டம் அமலுக்கு வந்தது. அது நீக்கப்பட்டது 1987 ஜூலையில். இடைப்பட்ட 38 வருடங்கள் ஒரே கட்சி ஆட்சி, குவோமின்டாங். புதிதாகப் பத்திரிகை ஆரம்பிக்க அனுமதி கிடையாது. இருக்கிற பத்திரிகைகள் எத்தனை பக்கம் அச்சடிக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இந்தப் பத்திரிகைத் தடை 1988 ஜனவரி 1-ல்தான் விலகியது.

டி.வி. கதை இன்னும் சுவாரசியம். 1962-ல் வந்த டி.டி.வி.யில் மாகாண அரசின் கை ஓங்கியிருந்தது. 1969-ல் வந்த சி.டி.வி. குவோமின்டாங் கட்சியின் பிடியில். 1971-ல் வந்த சி.டி.எஸ். பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து நடத்தியது. அதாவது அரசுக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று, ராணுவத்துக்கு ஒன்று. பார்க்கிற மக்களுக்கு மூன்று பட்டன், ஆனால் செய்தி ஒன்றுதான்.

இதற்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தது யார்? அரசுச் செய்தி அலுவலகம், அதாவது ஜி.ஐ.ஓ. இதன் முக்கியமான வேலை அரசுக்காகப் பேசுவது. அரசுக்கு விளம்பரம் செய்கிற ஆபீசே, அரசை விமர்சிக்கும் சேனலுக்கு லைசென்ஸ் கொடுக்கவும் பிடுங்கவும் அதிகாரம் வைத்திருந்தது. விளையாடுகிற டீமின் மேனேஜரே விசிலையும் வைத்திருந்த மாதிரி!

1993-ல் கேபிள் டி.வி. சட்டம் வந்தது. அதுவரை திருட்டுத்தனமாக வீடு வீடாக கம்பி இழுத்து ஓடிக்கொண்டிருந்த கேபிள் தொழில் சட்டபூர்வமானது. ஏராளமான சேனல்கள். 24 மணி நேரமும் செய்தி, அரட்டை, அரசியல் சண்டை. சந்தை தலைகீழாக மாறியது. ஆனால் விசில் மட்டும் அதே ஜி.ஐ.ஓ. கையில்.

ஆட்சி மாறியது, விசிலும் கை மாறியது

2000-ல் சென் ஷுய்-பியான் அதிபர் ஆனார். ஜனநாயக முற்போக்குக் கட்சியின் முதல் ஆட்சி. பல வருடங்கள் ஜி.ஐ.ஓ.வால் அடிபட்ட தரப்பு இப்போது ஜி.ஐ.ஓ.வைக் கையில் வைத்திருந்தது. ஆனால் சட்டமன்றத்தில் (அங்கே சட்டமன்ற யுவான் என்று பெயர்) மெஜாரிட்டி கிடைக்கவில்லை. 2004 டிசம்பர் தேர்தலில் 225 இடங்களில் நீல அணி, அதாவது குவோமின்டாங்கும் அதன் தோழமைக் கட்சிகளும், 114 இடங்களைப் பிடித்தன. முற்போக்குக் கட்சிக்கு 89. அதன் பச்சை அணித் தோழமைக் கட்சிக்கு 12.

ஆக அரசு பச்சை, சபை நீலம். இந்த முரண்பாடுதான் இனி வரும் எல்லாவற்றுக்கும் மூலகாரணம்.

2005-ல் சண்டை முற்றியது. ஆகஸ்டில் ஒரு செய்தி சேனல் உட்பட 7 சேனல்களின் லைசென்ஸைப் புதுப்பிக்க ஜி.ஐ.ஓ. மறுத்தது. அக்டோபரில் டி.வி.பி.எஸ். சேனல், ஆளும் தரப்பின் முக்கியப் புள்ளி ஒருவர் தென் கொரியாவின் ஜேஜு தீவு சூதாட்ட விடுதியில் இருக்கும் போட்டோவை வெளியிட்டது. கவ்ஷியோங் மெட்ரோ ரயில் ஊழல் விவகாரம் வெடித்தது. அதே சமயத்தில் டி.வி.பி.எஸ்.ஸின் பங்குகள் ஹாங்காங் கம்பெனியிடம் இருப்பது வெளிநாட்டு முதலீட்டு வரம்பை மீறுகிறது என்று ஜி.ஐ.ஓ. 10 லட்சம் தைவான் டாலர் அபராதம் போட்டது.

பங்கு வரம்பு பற்றிய கேள்வி சட்டப்படி நியாயமான கேள்வியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஊழல் செய்தி போட்ட சேனலை அதே நேரத்தில் அரசின் பிரச்சார ஆபீஸ் பிடித்தால் யார் நம்புவார்கள்? ஒரு முடிவு சரியா தவறா என்பதோடு, அதை எடுத்தவர் யார் என்பதும் முடிவின் ஒரு பகுதிதான். தைவான் மக்களுக்கு இது அந்த வருடம் நன்றாகவே புரிந்தது.

சீட்டுக் கணக்குப்படி ஓர் ஆணையம்

அரசிடமிருந்து விலகி நிற்கும் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்பதில் இரண்டு அணிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 2004-லேயே தகவல்தொடர்பு அடிப்படைச் சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. யார் நியமிப்பது என்பதில்தான் தகராறு.

2005 அக்டோபரில் நீல அணியின் மெஜாரிட்டியோடு என்.சி.சி. அமைப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் 4-வது பிரிவு போட்ட கணக்கு இது:

- ஆணையத்துக்கு 13 உறுப்பினர்கள்.
- கட்சிகள், சட்டமன்றத்தில் தங்களுக்கு உள்ள சீட்டு விகிதப்படி, 15 பேரைப் பரிந்துரைக்கும்.
- பிரதமர் 3 பேரைப் பரிந்துரைக்கலாம்.
- இந்த 18 பேரையும் 11 நிபுணர்கள் கொண்ட குழு வடிகட்டும். அந்த நிபுணர்களைப் பரிந்துரைப்பதும் கட்சிகளே, அதே சீட்டு விகிதப்படி!
- குழு தேர்ந்தெடுத்த பட்டியலைப் பிரதமர் சபைக்கு அனுப்பி வைக்க வேண்டும். சபை ஒப்புதல் கொடுத்தால் நியமனம்.
- தலைவரை உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள்.

அதாவது பிரதமரின் வேலை கிட்டத்தட்ட தபால்காரர் வேலை. கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

நீல அணியின் வாதத்தையும் கேட்க வேண்டும். "பிரதமரே ஆட்களைப் போட்டால் ஜி.ஐ.ஓ.வுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எல்லாக் கட்சிக்கும் உள்ளே ஆள் இருந்தால் ஒருவரை ஒருவர் கண்காணிப்பார்கள்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் எஃப்.சி.சி.யிலும் 5 உறுப்பினர்களில் ஒரே கட்சிக்காரர்கள் 3 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி உண்டு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே பெயரைச் சொல்பவர் ஜனாதிபதி, ஒப்புதல் தருவது செனட். தைவான் சட்டத்தில் பெயரைச் சொல்வதும் சபை, வடிகட்டுவதும் சபையின் ஆட்கள், ஒப்புதல் தருவதும் சபை.

பேராசிரியர் வருகிறார்

2006 பிப்ரவரி 22. தைபேயில் என்.சி.சி. பதவியேற்றது. உறுப்பினர்கள் தங்களுக்குள் வாக்களித்து சூ யொங்-சின்னைத் தலைவராக்கினார்கள்.

1951-ல் பிறந்தவர். தைவான் தேசிய பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தேசிய செங்சி பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். சிவில் சட்டம், அரசியல் சாசனம் இரண்டிலும் பெரிய பெயர். அந்தச் செங்சி பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1927-ல் நான்ஜிங்கில் குவோமின்டாங் தன் கட்சி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த பள்ளிதான் பிறகு பல்கலைக்கழகமாகி, 1954-ல் தைவானில் மறுபடி திறக்கப்பட்டது.

சூவுக்கு ஓர் அண்ணன், சூ சி. குவோமின்டாங் அரசில் சீன விவகாரக் குழுவின் தலைவராக இருந்தவர். "1992 ஒருமித்த கருத்து" என்று சீன-தைவான் உறவில் எல்லோரும் பயன்படுத்தும் சொற்றொடரைத் தானே 2000-ல் உருவாக்கியதாக அவர் ஒப்புக்கொண்டது 2006 பிப்ரவரியில். தம்பி என்.சி.சி. தலைவராகப் பதவியேற்ற அதே மாதம்!

போதாதா? பச்சை அணி சூவை நீல அணியின் ஆளாகவே பார்த்தது. அவர் எவ்வளவு பெரிய அறிஞர் என்பது அங்கே எடுபடவில்லை.

ஏன் இந்த மாதிரிப் பதவிகளுக்குப் பேராசிரியர்களைத் தேடுகிறார்கள்? காரணம் எளிது. தொழிலில் இருந்து ஆள் எடுத்தால் கம்பெனி ஆள் என்பார்கள். கட்சியில் இருந்து எடுத்தால் கேட்கவே வேண்டாம். பேராசிரியருக்குத் துறை தெரியும், கடை கிடையாது. பதவி முடிந்தால் திரும்பிப் போக வகுப்பறை இருக்கிறது, அதனால் யார் தயவையும் எதிர்பார்க்க வேண்டாம். தைவானில் இது ஒரு வழக்கமாகவே ஆனது. சூவுக்கு அடுத்து வந்த பெங் யுன், அவருக்கு அடுத்த சூ ஹெங் இருவரும் செங்சி பல்கலைக்கழகத்தின் இதழியல் துறைப் பேராசிரியர்கள். ஆனால் வகுப்பறையில் இருந்து வந்தவர் என்பதற்காக நிறம் இல்லாமல் போய்விடாது. நிறம் அவரிடம் இல்லாவிட்டாலும், அவரை அனுப்பியவர்கள் பூசிவிடுவார்கள். சூவுக்கு நடந்தது அதுதான்.

613-ம் எண் தீர்ப்பு

பச்சை அரசு சும்மா இருக்கவில்லை. பதவியேற்புக்கு முன்பே, ஜனவரியிலேயே, நிர்வாக யுவான் (மத்திய அமைச்சரவை என்று வைத்துக்கொள்ளுங்கள்) அரசியல் சாசன நீதிபதிகளிடம் போய்விட்டது. 2006 ஜூலை 21-ல் விளக்கத் தீர்ப்பு எண் 613 வந்தது.

தீர்ப்பின் சாரம் இரண்டு விஷயங்கள்.

முதலாவது, பொறுப்பு. என்.சி.சி. சுதந்திரமான அமைப்பாக இருக்கலாம், ஆனால் அது நிர்வாகத் துறையின் ஒரு பகுதிதான். நிர்வாகம் செய்யும் காரியங்களுக்குப் பிரதமர் சபையில் பதில் சொல்ல வேண்டியவர். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை அவரிடமிருந்து முழுக்கப் பறித்துவிட்டு, பதில் மட்டும் சொல் என்றால் எப்படி? சபை அந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் போடலாம், குதிரையையே ஓட்டிக்கொண்டு போக முடியாது.

இரண்டாவது, நம்பிக்கை. ஊடகத்தை மேற்பார்வை செய்யும் அமைப்பை அரசியலில் இருந்து தள்ளி வைப்பதற்காகத்தான் சுதந்திர ஆணையமே கொண்டுவந்தார்கள். அதில் கட்சிகள் சீட்டு விகிதப்படி ஆள் போட்டால் நோக்கமே கெட்டுவிடும். ஆணையம் நேர்மையாகவே நடந்தாலும் மக்களுக்குச் சந்தேகம் வரும். அது கருத்துச் சுதந்திரத்தையே பாதிக்கும் என்றார்கள் நீதிபதிகள்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆடிட்டர் நேர்மையானவராக இருந்தால் மட்டும் போதாது, வெளியில் இருந்து பார்ப்பவருக்கும் அவர் சுதந்திரமானவராகத் தெரிய வேண்டும். தணிக்கைப் பாடத்தில் வரும் அதே கொள்கை.

ஆனால் நீதிபதிகள் கத்தியை உடனே இறக்கவில்லை. அந்தப் பிரிவுகள் 2008 டிசம்பர் 31-க்குள் செல்லாமல் போகும், அதுவரை ஆணையம் எடுக்கும் முடிவுகள் செல்லும் என்று அவகாசம் கொடுத்தார்கள். காரணம் நடைமுறை சார்ந்தது. ஆணையத்தை ஒரே நாளில் கலைத்தால் ஆயிரக்கணக்கான லைசென்ஸ் விவகாரங்கள் அந்தரத்தில் தொங்கும்.

செல்லாத நாற்காலியில் ஓர் உத்தரவு

அப்படியாக, தன் நியமனமே அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று தெரிந்துகொண்டே, ஓர் அரசியல் சாசனப் பேராசிரியர் ஆணையத்தை நடத்தினார். வகுப்பில் தேர்வுக் கேள்வியாகக் கேட்டிருந்தால் மாணவர்கள் சிரித்திருப்பார்கள்.

அந்தக் காலத்தின் பெரிய சோதனை 2007 மார்ச்சில் வந்தது. டி.வி.பி.எஸ். ஒரு வீடியோவை ஒளிபரப்பியது. ஒரு ரவுடி மேஜை மேல் துப்பாக்கிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு தன் பழைய முதலாளியை மிரட்டுகிறான். வெளியில் இருந்து வந்த வீடியோ என்று சேனல் சொன்னது. பிறகு பார்த்தால், அதைப் படம் பிடித்ததே அந்தச் சேனலின் சொந்த நிருபர்!

2005-ல் பச்சை அரசு கை வைத்தபோது நீல அணி துடித்துக் காப்பாற்ற வந்த அதே டி.வி.பி.எஸ். இப்போது நீல அணி ஆணையம் என்று பெயர் வாங்கிய என்.சி.சி. என்ன செய்யும் என்று ஊரே பார்த்தது.

20 லட்சம் தைவான் டாலர் அபராதம். ஜி.ஐ.ஓ. போட்டதைப்போல இரண்டு மடங்கு. சேனலின் ஜெனரல் மேனேஜரும் பதவியை விட்டுப் போக நேர்ந்தது.

இதை வைத்து என்.சி.சி. பரிசுத்தமானது என்று சொல்லிவிட முடியாது. வேறு முடிவுகளில் அதன் மேல் விமர்சனங்கள் இருந்தன. ஆனால் ஒன்று தெளிவு. 2005 அபராதத்தை அரசியல் பழிவாங்கல் என்று சொன்னவர்களால் 2007 அபராதத்தை அப்படிச் சொல்ல முடியவில்லை. தன்னைத் தேர்ந்தெடுத்த பக்கத்துக்கு வலிக்கிற மாதிரி முடிவு எடுக்கும்போதுதான் ஒரு நடுவரின் சுதந்திரம் வெளியே தெரிகிறது.

விதி மாறியது, விளையாட்டு மாறவில்லை

தீர்ப்புக்கு ஏற்றபடி சட்டம் திருத்தப்பட்டது. இனி 7 உறுப்பினர்கள். பெயரைச் சொல்பவர் பிரதமர், ஒப்புதல் தருவது சபை. ஒரே கட்சிக்காரர்கள் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. பச்சை அணி நீதிமன்றம் வரை போய் வாங்கிய கொள்கை வெற்றி இது.

ஆனால் விதியைப் பாருங்கள்! 2008 மார்ச்சில் அதிபர் தேர்தல். குவோமின்டாங்கின் மா யிங்-ஜியோ ஜெயித்தார். சபையிலும் அவர்கள் மெஜாரிட்டி. ஆக, புதிய முறைப்படி முதன்முதலாக 7 பேரையும் தேர்ந்தெடுத்தது நீல அணிப் பிரதமர், ஒப்புதல் கொடுத்தது நீல அணி சபை. 2008 ஆகஸ்ட் 1-ல் பெங் யுன் பொறுப்பேற்றார். சூ விடைபெற்றார்.

2010-ல் நீதிபதிகள் லஞ்ச விவகாரம் ஒன்றில் நீதி யுவானின் தலைவர் ராஜினாமா செய்தார். அதிபர் மா புதிய தலைவரோடு சூ யொங்-சின்னைத் துணைத் தலைவராக நியமித்தார். 2010 அக்டோபரில் இருந்து 2016 வரை அரசியல் சாசன நீதிபதியாகவும் அங்கே இருந்தார். தன் ஆணையத்தைச் செல்லாது என்று சொன்ன அதே அவை. தீர்ப்புகளோடு தனிக் கருத்துரைகள் நிறைய எழுதுபவர் என்று அங்கேயும் பெயர் வாங்கினார்.

பழைய கேள்வி, புதிய வருடங்கள்

என்.சி.சி.யின் கதை அவரோடு முடியவில்லை. 2020-ல் தலைவராக இருந்தவர் சென் யாவ்-ஷியாங், தைபே தேசிய பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர். அவரும் பேராசிரியர், ஆனால் பச்சை ஆட்சியில் வந்தவர். அந்த வருடம் நவம்பர் 18-ல், சீனாவில் பெரும் வியாபாரம் உள்ள வான்ட் வான்ட் குழுமத்தின் சி.டி.ஐ. செய்தி சேனலுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க ஆணையம் மறுத்தது. 7 உறுப்பினர்களும் ஒரே முடிவு. அதற்கு முன் அக்டோபரில் பகிரங்க விசாரணை நடந்தது. செய்தித் தரத்தில் திரும்பத் திரும்ப விதிமீறல், முதலாளியின் தலையீடு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. டிசம்பரில் 52-ம் நம்பர் சேனல் கேபிளில் இருந்து மறைந்தது. ஒரு பக்கம் "சரியான நடவடிக்கை" என்றார்கள். மறு பக்கம் "பத்திரிகைச் சுதந்திரத்தின் சாவு" என்றார்கள். யார் எதைச் சொன்னார்கள் என்பதை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். 2023 மே மாதம் தைபே உயர் நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்து, மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. ஆணையம் அப்பீல் போனது.

2024-ல் சக்கரம் முழுச் சுற்று வந்தது. மறுபடியும் பச்சை அரசு, சபையில் எதிர்க்கட்சிகளுக்கு மெஜாரிட்டி. 2005-ன் அதே காட்சி! ஜூலை கடைசியில் 4 உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. புதியவர்களுக்குச் சபையின் ஒப்புதல் கிடைக்கவில்லை. சபை சட்டத்தைத் திருத்தி, பதவிக்காலம் முடிந்தவர்கள் தொடர்வதைத் தடுத்தது. கூட்டம் நடத்தக் குறைந்தபட்சம் 4 பேர் வேண்டும் என்றும் ஆனது. 2024 டிசம்பரில் மிச்சம் இருந்தது 3 பேர். கட்டிடம் இருந்தது, ஊழியர்கள் இருந்தார்கள், முடிவெடுக்கும் கூட்டம் மட்டும் நடக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

சீட்டு விகித முறையில் எல்லோருக்கும் இடம் உண்டு, ஆனால் யாருக்கும் பொறுப்பு இல்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் நெற்றியில் ஒரு நிறத்தோடு வருவார்.

பிரதமர் நியமித்து சபை ஒப்புதல் தரும் முறையில் பொறுப்பு யாருடையது என்று தெரியும். ஆனால் இரண்டும் ஒரே கட்சி கையில் இருந்தால், ஆணையம் ஆளும் கட்சியின் ஆணையம் என்று பேர் வாங்கும். வேறு வேறு கையில் இருந்தால், ஆணையமே இல்லாமல் போகும். 2008-ல் முதல் விஷயத்தையும், 2024-ல் இரண்டாவதையும் தைவான் பார்த்துவிட்டது.

613-ம் எண் தீர்ப்பு தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. யார் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் கொடுத்தது. ஆனால் எதிரெதிரே நிற்கும் இரண்டு அணிகள் ஒருவரை நம்பி விசிலைக் கொடுக்க வேண்டும் என்று எந்தத் தீர்ப்பும் கட்டாயப்படுத்த முடியாது. அது அரசியல்வாதிகள் தாங்களாகப் பழகிக்கொள்ள வேண்டிய விஷயம்.

அதுவரை அந்த நாற்காலியில் உட்கார்பவருக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். விசாரணையைத் திறந்து வைப்பது, முடிவுக்குக் காரணத்தை எழுதி வைப்பது, நீதிமன்றம் மாற்றினால் ஏற்றுக்கொள்வது, தன்னை அனுப்பிய பக்கம் தப்பு செய்தாலும் அதே அபராதம் போடுவது. சூ யொங்-சின்னை அங்கே உட்கார வைத்த சட்டம் செல்லவில்லை. ஆனால் அவர் தலைமையில் போட்ட அந்த 20 லட்சம் அபராதத்தை, நீல அணியின் ஆணையம் போட்டது என்று யாராலும் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.